ஒப்பு நட்சத்திரத்தின் வழுவை எங்கே வைப்பது? சிறு நட்சத்திர விட்டங்களுக்கான திருத்த முறைகள், ஓர் ஒப்பீடு

சிலியின் பரனல் மலையில் உள்ள ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தின் தலையீட்டுமானி (பல தொலைகாட்டிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து அளக்கும் கருவி) எடுக்கும் தரவுகள், வழக்கமாக ஓராண்டு கழிந்ததும் எவரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்துவிடப்படுகின்றன. திருகோணமலையில் ஒரு மடிக்கணனியும் சுமாரான இணைய இணைப்பும் வைத்திருக்கும் ஒருவர், அங்கே அளந்த நட்சத்திர விட்டமொன்றை இங்கிருந்தே மறுபடி கணித்துப் பார்க்கலாம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மாதக்கணக்கில் வானம் மூடிக் கிடக்கும் ஊருக்கு இது சிறிய வாய்ப்பல்ல. பௌதிகவியல் பட்டதாரிகளும் உயர்தர வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுமாக நாங்கள் சிலர், செங்குறளி (சூரியனை விடச் சிறிய, மங்கலான செந்நிற) நட்சத்திரங்களின் விட்டங்களை இப்படிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். தொடங்கியதும் ஒரு கேள்வி குறுக்கே நின்றது. அளவீட்டில் கலந்திருக்கும் சாய்வை, அதாவது விடையை ஒரே பக்கமாக இழுக்கும் பிசகை, நீக்கப் பல வழிகள் இருக்கின்றன. ஒரே தரவுக்கு அவை வெவ்வேறு விடை தருகின்றன. எதைத் தெரிவு செய்வது? இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால், எங்கள் தெரிவையும் அதற்கான காரணங்களையும் எழுதுகிறேன்.

அளக்கப்படுவது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தூரமாக நிற்கும் இரண்டு தொலைகாட்டிகளின் ஒளியை ஒன்றுசேர்த்தால், இரட்டைப் பிளவுப் பரிசோதனையில் போல இருளும் ஒளியுமான வரிகள் தோன்றும். நட்சத்திரம் வெறும் புள்ளியாக இருந்தால் வரிகள் முழுத் தெளிவோடு இருக்கும். அதற்கு ஓர் அகலம் இருந்தால், தொலைகாட்டிகளை விலக்கிக்கொண்டு போகப்போக வரிகள் மங்கும். முழுத் தெளிவை 1 என்று வைத்து, மங்கிய அளவின் வர்க்கத்தைக் குறித்துக்கொள்கிறோம். அந்த எண் எவ்வளவு விரைவாக விழுகிறது என்பதிலிருந்து விட்டம் வருகிறது.

1920 டிசம்பர் 13 இரவு, கலிபோர்னியாவின் வில்சன் மலையில் மைக்கல்சன், பீஸ் என்ற ஆய்வாளர்கள் திருவாதிரையை அளந்தது இந்த வழியில்தான். 2.5 மீட்டர் தொலைகாட்டியின் மேல் 6 மீட்டர் நீள உத்தரம் ஏற்றி, கண்ணாடிகளை அதில் நகர்த்தினார்கள். ஏறத்தாழ 3 மீட்டர் இடைவெளியில் வரிகள் முற்றாக மறைந்தன. கிடைத்த விட்டம் 47 மில்லிவிகலை (விட்டத்தை வானில் அது அடைக்கும் கோணமாகச் சொல்கிறோம்; ஒரு மில்லிவிகலை பாகையின் 36 இலட்சத்தில் ஒரு பங்கு). மார்கழியில் கோணேசர் கோயிலில் திருவெம்பாவை பாடும் நாட்களில் கிழக்கே எழும் அதே செந்நிற நட்சத்திரம்தான். அந்த அளவீட்டில் ஒரு பெரும் அனுகூலம் ஒளிந்திருக்கிறது. வரிகள் மறையும் இடத்தில் தெளிவு பூச்சியம். கருவி தெளிவை நூற்றுக்கு இருபது குறைத்துக் காட்டினாலும் பூச்சியம் பூச்சியமாகவே இருக்கும். கருவி ஒழுங்காக இயங்குகிறதா என்று வேறு நட்சத்திரங்களில் வரிகள் தெரிவதைப் பார்த்துக்கொண்டதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் செங்குறளிகளுக்கு அந்த அனுகூலம் இல்லை. மே மாத இரவில் நிலாவெளியிலிருந்து தெற்கே பார்த்தால், அடிவானத்துக்கு மேல் 20 பாகை அளவில் அல்பா சென்டோரி தெரியும். அதன் இரு நட்சத்திரங்களையும் பரனலின் விஞ்சி கருவி அளந்த முடிவு 2003 இல் வெளிவந்தது: 8.51, 6.00 மில்லிவிகலை. அவற்றின் அருகே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் புரொக்சிமா 1.02 மில்லிவிகலைதான், அந்த அளவீட்டின் வழு 0.08. நமக்கு மிக அருகில் உள்ள செங்குறளிக்கே அவ்வளவுதான். சில செங்குறளிகள் அதை விடச் சற்றுப் பெரிதாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவை அதனிலும் சிறியவை. அவற்றுக்கு வரிகள் மறையவே மறையா. 1 இலிருந்து சற்றே கீழிறங்கிய ஓர் எண்ணை வைத்துக்கொண்டு விட்டத்தைச் சொல்ல வேண்டும்.

இதன் ஆபத்தைக் கணக்கில் பார்ப்பது நல்லது. தொலைகாட்டி இடைவெளி 130 மீட்டர், அலைநீளம் 1.65 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். 0.5 மில்லிவிகலை நட்சத்திரத்தின் தெளிவு வர்க்கம் 0.913. அதை நூற்றுக்கு இரண்டு குறைத்து அளந்தால் 0.895 ஆகும், அதிலிருந்து வரும் விட்டம் உண்மையை விடப் பத்து வீதம் பெரிது. 2 மில்லிவிகலை நட்சத்திரத்தில் இதே நூற்றுக்கு இரண்டு வழு, விட்டத்தை அரை வீதம்தான் நகர்த்தும். அதனால் உங்கள் இலக்கு பெரிய நட்சத்திரம் என்றால், கீழே வரும் முறைகளில் எதை எடுத்தாலும் பெரிய தீங்கு வராது. இந்த ஒப்பீடு சிறியவற்றுக்கானது.

தெளிவைக் குறைப்பவை பல: வளிமண்டலக் கொந்தளிப்பு, கண்ணாடிகளின் அதிர்வு, இரு பக்க ஒளியின் சமமின்மை, முனைவாக்கம். ஒளியை மிக மெல்லிய ஒற்றைமுறை இழைக்குள் செலுத்தி அலைமுகத்தின் சுருக்கங்களை வடித்துவிடும் உத்தியை புளூவர் கருவி நிலைநாட்டியது. பரனலின் விஞ்சியும் அங்கே பின்னர் வந்த பயோனியர், கிராவிட்டி கருவிகளும் அந்த வழியில் அமைந்தவை. ஒளித்துகள் எண்ணிக்கையின் எழுமாற்றம் தெளிவு வர்க்கத்தில் சேர்க்கும் மிகையைத் தரவு சுருக்கும் மென்பொருள் கழித்துவிடுகிறது. இவை கருவியிலும் மென்பொருளிலும் முடிந்துபோன வேலைகள். ஆவணத் தரவோடு உட்காருபவர் தீர்மானிக்க வேண்டியது எஞ்சியிருப்பதை.

எஞ்சியிருப்பது ஒப்பு நட்சத்திரம். இலக்கைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும், விட்டம் ஏற்கெனவே தெரிந்த சிறிய நட்சத்திரம் ஒன்றைக் கருவி பார்க்கிறது. அது காட்டிய தெளிவை, காட்ட வேண்டிய தெளிவால் வகுத்து வரும் விகிதமே கருவியின் குறைவு. இலக்கின் அளவீட்டை அதனால் வகுத்துவிடுகிறோம். ஒப்பு நட்சத்திரத்தின் விட்டத்திலேயே வழு இருந்தால் என்ன ஆகும்? மீன் சந்தையில் படிக்கல் பிசகிய தராசில் நூறு மீனை நிறுத்தாலும் அத்தனையும் ஒரே பக்கமாகத்தான் பிசகும்; நிறுவை கூடக்கூட எழுமாற்று வழு கரையும், படிக்கல்லின் வழு கரையாது. இந்த இரண்டு வழுக்களையும் எப்படிச் சேர்த்துக் கையாள்வது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

முதலாவது, பலரும் எடுத்த எடுப்பிலேயே செய்வது: எல்லா வழுக்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று கொண்டு இழிவு வர்க்க முறையில் (விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி) பொருத்துவது. எளிது, விரைவானது, எந்த மென்பொருளிலும் உண்டு. விடையும் பெரும்பாலும் மிகவும் விலகிப் போவதில்லை. பிசகுவது வழுவின் அளவு. பயோனியரில் நான்கு தொலைகாட்டிகள், ஆகவே ஆறு சோடிகள்; மூன்று அலைநீளப் பட்டைகளில் எடுத்தால் ஒரு தடவைக்கு 18 புள்ளிகள். பத்துத் தடவை பார்த்த இலக்கென்றால் 180. ஒவ்வொன்றின் எழுமாற்று வழுவும் மூன்று வீதம் என்றால் இடையின் வழு 0.22 வீதம் என்று கணிப்பு சொல்லும். ஒப்பு நட்சத்திரத்தின் பொது வழு இரண்டு வீதமாக இருந்தால், சொல்லப்பட்ட வழு ஒன்பது மடங்கு சிறியது. செங்குறளிகளின் ஆரம் கோட்பாட்டை விடப் பெரிதா என்று விவாதிக்கும் துறையில், வழுவைக் குறைத்துச் சொல்வது தவறான கண்டுபிடிப்புக்கு நேர்வழி.

இரண்டாவது முறை முதலாவதற்கு முறையான திருத்தம் போலத் தோன்றும். பொது வழுவையும் சேர்த்து முழு இணைமாறற்றிறன் தாயத்தை (எந்த அளவீட்டின் வழு எதனோடு எவ்வளவு சேர்ந்து அசைகிறது என்று காட்டும் எண் அட்டவணையை) எழுதி, அதைக்கொண்டு பொருத்துவது. புள்ளியியல் பாடம் படித்த எவரும் இதைத்தான் சரி என்பார்கள். அதனால்தான் இதன் மீது அதிக நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பொறி இருக்கிறது.

1987 இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் பீல் என்பவர் அணுக்கருத் தரவுகளோடு வேலை செய்யும்போது ஒரு புதிரை எழுப்பினார். ஒரே கணியத்துக்கு இரண்டு அளவீடுகள்: 1.5, 1.0. ஒவ்வொன்றிலும் தனி வழு பத்து வீதம், இரண்டுக்கும் பொதுவான வழு இருபது வீதம். தாயத்தை எழுதிப் பாருங்கள். மாறற்றிறன்கள் 0.1125, 0.05, இணைமாறற்றிறன் 0.06. இழிவு வர்க்க விடை 0.88, வழு 0.22. இரண்டு அளவீடுகளுக்கும் கீழே! 1.5 க்கு எதிர்க்குறி நிறை கிடைத்திருக்கிறது. இணைந்த கணிதம் படிக்கும் மாணவர் கையாலேயே செய்து சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. செய்து பாருங்கள், அப்போதுதான் நம்பிக்கை வரும்.

ஏன் இப்படி? பொது வழுவை அளந்த எண்களின் வீதமாகத் தாயத்துக்குள் வைத்ததால். அது, எல்லா அளவீடுகளையும் ஒரு காரணியால் பெருக்கி நகர்த்த அனுமதிப்பதற்குச் சமம். காரணியைச் சிறிதாக்கினால் எண்கள் சிறுக்கும். எண்கள் சிறுத்தால் அவற்றுக்கு இடையிலான வேறுபாடும் சிறுக்கும். வேறுபாடு சிறுத்தால் பொருத்தம் நன்றாக இருப்பது போலத் தெரியும். இழிவைத் தேடும் கணிப்பு அந்தப் பள்ளத்தில் தானாக இறங்கிவிடுகிறது. இத்தாலியப் பௌதிகவியலாளர் டி'அகோஸ்டினி 1994 இல் இதைத் தெளிவாக விளக்கினார். மாறிலி ஒன்றைப் பொருத்தும்போது விடை எத்தனை மடங்கு சிறுக்கும் என்பதற்கு எளிய கோவை உண்டு: பொது வழுவின் வர்க்கத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்துப் பெருக்கி, அதோடு 1 ஐக் கூட்டினால், விடை ஏறத்தாழ அதனால் வகுபடுகிறது.

இதை எங்கள் 180 புள்ளிகளுக்குப் போட்டுப் பார்த்தோம். பொது வழு இரண்டு வீதம் என்றால் விடை 6.7 வீதம் கீழே. மூன்று வீதம் என்றால் 14 வீதம். ஐந்து வீதம் என்றால் 31 வீதம். தரவு கூடக்கூட விடை மோசமாகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் உலுக்கியது. விட்டத்தைப் பொருத்தும்போது, இடைவெளி பூச்சியத்தில் தெளிவு 1 என்ற கட்டுப்பாடு இருப்பதால் குறுகிய இடைவெளிப் புள்ளிகள் ஓரளவு இழுத்துப் பிடிக்கும். இதே எண்கள் அப்படியே வராது. ஆனால் இழுப்பு அதே திசையில்தான்: தெளிவு கீழே, ஆகவே விட்டம் மேலே. சிறு நட்சத்திரத்தில் தெளிவின் இரண்டு வீதம் விட்டத்தின் பத்து வீதம் என்பதை மேலே பார்த்தோம். இரண்டாவது முறையை நாங்கள் முற்றாகக் கைவிட்டோம்.

மூன்றாவது முறை, அதே தாயத்தைப் பொருத்தும் மாதிரியின் மதிப்புகளைக்கொண்டு எழுதுவது. முதலில் தொடர்பற்ற வழுக்களோடு ஒரு விட்டத்தைப் பெறுகிறோம். அந்த விட்டம் தரும் தெளிவுகளின் வீதமாகப் பொது வழுவையும் தனி வழுவையும் எழுதித் தாயத்தை அமைக்கிறோம். மீண்டும் பொருத்துகிறோம். விடை நிலைக்கும்வரை திரும்பச் செய்கிறோம். பீலின் எண்களுக்கு இது 1.25 தருகிறது, வழு 0.27. இரண்டுக்கும் நடுவே, எவரும் எதிர்பார்க்கும் இடத்தில். முதலாவது முறை அதே எண்களுக்கு 1.15 உம் வழு 0.19 உம் தரும். தனி வழுவை அளந்த எண்ணின் வீதமாக வைத்ததால் சிறிய எண்ணுக்கு நிறை கூடிவிட்டது. ஆக முதலாவது முறையிலும் ஒரு சிறு கீழ்ச்சாய்வு ஒளிந்திருக்கிறது. மூன்றாவதில் ஒரே ஓர் எச்சரிக்கை: ஒவ்வொரு சுற்றிலும் தாயத்தை மாற்றாமல் நிறுத்திவைத்துத்தான் பொருத்த வேண்டும். பொருத்தும்போதே தாயமும் விட்டத்தோடு சேர்ந்து மாற விட்டால் சாய்வு மறுபக்கமாக வரும்.

நான்காவது, நாங்கள் தெரிவு செய்தது. ஒப்பு நட்சத்திரத்தின் விட்டத்தையே தெரியாக் கணியமாகப் பொருத்தத்துக்குள் கொண்டுவருவது. இலக்கின் விட்டம், ஒப்பு நட்சத்திரம் ஒவ்வொன்றினதும் விட்டம், கண்காணிப்புத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் கருவியின் குறைவு ஆகிய எல்லாம் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. ஒப்பு நட்சத்திர விட்டங்கள் பட்டியல் மதிப்பைச் சுற்றி, அதன் வழு அளவுக்குள் நகரலாம். அதற்கு மேல் நகர்ந்தால் தண்டம் கூடும். இதன் சிறப்பு, பௌதிகம் அப்படியே கணக்குக்குள் இருப்பது. ஒப்பு நட்சத்திர விட்டத்தின் வழு நீண்ட இடைவெளியில் பெரிதாகவும் குறுகிய இடைவெளியில் சிறிதாகவும் தாக்கும். ஒரே வீதத்தை எல்லாப் புள்ளிகளுக்கும் போடும் தாயம் இதைத் தவறவிடும். இந்த முறையில் அது தானாக வந்துவிடுகிறது.

ஆனால் காரணியை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அளந்த எண்ணை ஒரு காரணியால் பெருக்கி மாதிரியோடு ஒப்பிட்டால், அது இரண்டாவது முறையின் பொறியே வேறு உடையில். மாதிரியைக் காரணியால் பெருக்கி, அளந்த எண்ணைத் தொடாமல் ஒப்பிட வேண்டும். நிரலில் ஒரே ஒரு வரி வித்தியாசம்தான். ஒப்பு நட்சத்திரத்தைப் பார்த்த மூலத் தெளிவும் இலக்கைப் பார்த்த மூலத் தெளிவும் இரண்டுமே அளந்தபடி ஒருபக்கம் இருக்க, மற்றப்பக்கம் மாதிரியும் கருவிக் குறைவும் பெருகி நிற்கட்டும்.

இதன் விலை, ஏற்கெனவே ஒப்பு நட்சத்திரத்தால் வகுத்து முடிந்த தரவு போதாது; வகுப்பதற்கு முந்தியது வேண்டும். மூலக் கோப்புகள் பெரியவை. அவற்றைச் சுருக்கும் மென்பொருளை நிறுவுவதும் பொறுமை கேட்கும் வேலை. இறக்குவதை இரவில் போட்டுவிட்டு விடிய எழும்பிப் பார்ப்பதே இங்கு நடைமுறை. வகுத்து முடிந்த தரவு மட்டும் கிடைக்கும் நட்சத்திரங்களுக்கு மூன்றாவது முறையைப் பாவிக்கிறோம்.

ஐந்தாவது பூட்ஸ்ட்ராப். கண்காணிப்புத் தொகுதிகளையும் ஒப்பு நட்சத்திரங்களையும் எழுமாற்றாகத் திரும்பத்திரும்பத் தெரிந்து, ஒப்பு நட்சத்திர விட்டத்தையும் ஒவ்வொரு தடவையும் அதன் வழுவுக்குள் ஒரு மதிப்பாக எடுத்து, ஆயிரக்கணக்கான தடவை பொருத்தி, விடைகளின் பரவலையே வழுவாகக் கொள்வது. லஷோமும் சகாக்களும் 2019 இல் அகச்சிவப்புத் தலையீட்டளவியலுக்கு இதைப் பரிந்துரைத்தார்கள். தாயமே இல்லாததால் பீலின் பொறி இங்கே கிடையாது. நாம் எண்ணிப்பாராத தொடர்புகள் தரவில் இருந்தால் அவையும் பரவலில் தெரியும். கணிப்பும் பாரமல்ல, சாதாரண மடிக்கணனி தாங்கும். ஒரே இரவில் ஒரே ஒப்பு நட்சத்திரம் மட்டும் பார்த்த தரவில்தான் இது தடுமாறும்: மாற்றித் தெரிய வேறொன்று இல்லை. நான்காவது முறையின் விடையைச் சரிபார்க்க இதைப் பாவிக்கிறோம். இரண்டின் வழுக்களும் பெரிதாக வேறுபட்டால், மாதிரியில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று கொள்கிறோம்.

ஆறாவதாக, தெளிவையே விட்டுவிட்டு மூடல் அவத்தையை மட்டும் பாவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மூன்று தொலைகாட்டிகளின் அவத்தைகளை முக்கோணமாகச் சுற்றிக் கூட்டினால் வளிமண்டலம் சேர்த்த பிசகு வெட்டுப்பட்டுவிடும். அழகான கணியம். ஆனால் சமச்சீரான வட்டத்துக்கு, வரிகள் மறையும் இடத்துக்கு முன்னர் அது எப்போதும் பூச்சியம். விட்டத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

முறையை விட முக்கியமானதாக நான் கருதுவது ஒப்பு நட்சத்திரத் தெரிவு. முன்னர் சொன்ன 130 மீட்டர் இடைவெளியில், 0.5 மில்லிவிகலை ஒப்பு நட்சத்திரத்தின் விட்டம் ஐந்து வீதம் பிசகினால் தெளிவு வர்க்கம் ஒரு வீதம்தான் பிசகும். ஒப்பு நட்சத்திரம் 1 மில்லிவிகலையாக இருந்தால் அதே ஐந்து வீதம், ஏறத்தாழ நான்கு வீதமாக வந்து விழும். ஆகவே பிரகாசமான பெரியதை விட மங்கலான சிறியது மேல். கிரனோபிளில் உள்ள ஜான்-மாரி மரியோட்டி மையம் வெளியிடும் விட்டப் பட்டியலில் நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் உள்ளன; அவர்களின் சேர்ச்கால் கருவியில் இலக்கின் ஆள்கூறைக் கொடுத்தால் அருகிலுள்ளவற்றைக் காட்டும். ஆவணத் தரவில் ஒப்பு நட்சத்திரத்தை நாம் தெரிவு செய்ய முடியாதுதான். ஆனால் எந்த இலக்கை எடுப்பது என்பதை நாம்தான் தெரிவு செய்கிறோம். இரண்டு அல்லது மூன்று சிறிய ஒப்பு நட்சத்திரங்களோடு பார்க்கப்பட்ட செங்குறளிகளை முதலில் எடுக்கிறோம். ஒன்றின் விட்டம் பிசகியிருந்தால் மற்றவை அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரேயொரு ஒப்பு நட்சத்திரம் உள்ளவற்றைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம்.

பட்டியலில் உள்ளது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. வேகா பல தலைமுறைகளாக ஒளியளவுக்கே நியமமாக இருந்த நட்சத்திரம். அது மிக விரைவாகச் சுழல்வதையும், தன் முனையை நம் பக்கம் திருப்பி நிற்பதையும், முனைக்கும் நடுக்கோட்டுக்கும் வெப்பநிலை பெரிதும் வேறுபடுவதையும் 2006 இல் தலையீட்டுமானிகள் காட்டின. ஒப்பு நட்சத்திரம் இரட்டையாக இருந்தாலும் நிலைமை இதைப் போன்றதே. இங்கேதான் மூடல் அவத்தை நமக்கு உதவுகிறது: பொருத்தத் தொடங்குமுன் ஒவ்வொரு ஒப்பு நட்சத்திரத்தினதும் மூடல் அவத்தையைப் பார்க்கிறோம். வழுவைத் தாண்டிப் பூச்சியத்திலிருந்து விலகினால் அந்த நட்சத்திரத்தை நீக்கிவிட்டு, அதனால் மட்டும் திருத்தப்பட்ட தொகுதிகளையும் ஒதுக்கிவிடுகிறோம். இலக்குக்கும் இதே சோதனைதான். விலகல் இருந்தால் அதற்கு ஒற்றை விட்டம் பொருத்துவதில்லை, இரட்டை என்று குறித்துத் தனியே வைக்கிறோம்.